எவ்வளவு பெரிய ரேடார் வச்சாலும் அந்தக் கப்பல் முன்கூட்டித் தெரியாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மாணவர் பக்கத்துல ஸ்பேஸ் ஸ்ட்ரேட்டஜி கேம் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, எங்க பக்கம் தோட்டத்துப் பிள்ளைங்க நெறைய பேர் வாசிச்சாங்க, சந்தோஷம். ஆனா பவரான ரேடார் கட்டி வச்சா ஒளிய விட வேகமா வாற எதிரிக் கப்பலையும் தூரத்துலயே பிடிச்சிரலாம்னு அதுல ஒரு வரி இருந்துச்சு. கேமுக்குள்ள அது சரி. பௌதிகவியல்ல முழுப் பிழை, ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைங்க மனசுல அப்பிடியே பதிஞ்சிரக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

ரேடார்னா ரேடியோ அலை போய், கப்பல்ல பட்டு, திரும்பி வரணும். அந்த அலையும் ஒளியோட வேகத்துலதான் ஓடும், செக்கனுக்கு 299,792 கிலோமீட்டர், அதுக்கு மேல ஒரு அடி போகாது. கப்பல் அதையும் முந்துதுன்னா அது இங்க வந்து நின்ன பிறகுதான் அதப் பத்தின சிக்னல் வரும். றம்பொடை மலைப்பாதை வளைவுல பஸ் வாறதுக்கு முன்னாடி ஹோர்ன் சத்தம் வந்துரும், நாம ஒதுங்கிக்குவோம், இந்தக் கப்பல் தன்னோட ஹோர்னையே முந்திக்கிட்டு வாற பஸ். நம்ம நாட்டுலயே உசரமான பிதுருதலாகலை மலை உச்சியில, 2524 மீட்டர் உசரத்துல, எவ்வளவு பெரிய ஆண்டெனா வச்சாலும் மங்கலான சிக்னல் தெளிவாக் கேக்குமே தவிர சீக்கிரமா வந்துராது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சூரியன விட்டா நமக்குக் கிட்ட இருக்கிற நட்சத்திரம் புரொக்ஸிமா சென்டோரி, தூரம் 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே 4.24 வருஷம் ஓடுற தூரம். அங்க இருந்து ஒரு கப்பல் ஒளிய மாதிரி 10 மடங்கு வேகத்துல கிளம்புதுன்னு வைங்க, அஞ்சு மாசத்துல இங்க வந்துரும். ஆனா அது கிளம்பின காட்சி இங்க வந்து சேர 4.24 வருஷம் ஆகும், அப்ப கப்பல் வந்து எறங்கி மூணே முக்கா வருஷத்துக்கு மேல போன பிறகுதான் அது அங்க கிளம்புறதையே நாம பாக்கப் போறோம்! இன்னும் இருக்கு. வழியில விட்ட வெளிச்சத்துல கிட்ட வந்து விட்டதுதான் முதல்ல வந்து சேரும், தூரத்துல விட்டது பிறகுதான் வரும், அதனால டெலஸ்கோப்புல பாத்தா கப்பல் பின்னுக்கு ஓடுற மாதிரி தெரியும். ஒரே நேரத்துல மூணு கப்பல்: பக்கத்துல நிக்கிற நெசக் கப்பல், பின்னுக்கு ஓடுற உருவம், புரொக்ஸிமாவுல இன்னும் கிளம்பாம நிக்கிற பழைய உருவம். கடைசியில ஓடுற உருவம் போய் நிக்கிற உருவத்தோட சேந்து ரெண்டும் ஒண்ணா மறைஞ்சிரும். எதிரி எங்க இருந்து வந்தான்னு வருஷக்கணக்கு கழிச்சு அந்த உருவம் காட்டிக் குடுக்கும், இத விட நல்ல துப்பறியிற விளையாட்டு எந்தக் கேம்ல இருக்கு சொல்லுங்க.

சரி, ஈர்ப்பு அலைய, அதாவது வெளியிலயே உண்டாகிப் பரவுற அதிர்வ வச்சுப் பிடிக்கலாமேன்னு பிள்ளைங்க கேப்பாங்க, நல்ல கேள்விதான். 1994ல மெக்ஸிக்கோ விஞ்ஞானி மிகேல் அல்குபியரே வெளியிட்ட கணக்குல கப்பலச் சுத்தி இருக்கிற விண்வெளியே வளைஞ்சு ஒரு குமிழி மாதிரி நகரும், அதுக்குப் பூச்சியத்துக்கும் கீழ போற மைனஸ் சக்தி வேணும்ங்கிறதால இன்னும் பேப்பர்லதான் இருக்கு. அந்தக் குமிழி ஒடைஞ்சா ஈர்ப்பு அலை வரும்னு 2024ல கம்பியூட்டர்ல கணக்குப் போட்டுக் காட்டினாங்க, 1 கிலோமீட்டர் சைஸ் குமிழின்னா அலை 3 இலட்சம் ஹேர்ட்ஸ் பக்கம், லைகோ மாதிரி ஈர்ப்பு அலை பிடிக்கிற கருவிக்குக் கேக்கிறது சில ஆயிரம் ஹேர்ட்ஸ் வரைக்கும்தான். அது போக ஈர்ப்பு அலையும் ஒளியோட வேகம்தான். 2017ல ரெண்டு நியூட்ரோன் நட்சத்திரம் மோதின ஈர்ப்பு அலையும், ஒளியில ஒரு வகையான காமா கதிரும் ஏறக்குறைய 13 கோடி ஒளியாண்டு ஓடி வந்து 1.7 செக்கன் வித்தியாசத்துல சேந்துச்சு. அப்ப ஈர்ப்பு சென்சரும் முன்கூட்டி எச்சரிக்காது.

கேம் செய்றவங்களுக்கு இது தெரியாம இல்ல. ஸ்டெல்லாரிஸ்ங்கிற ஸ்பேஸ் ஸ்ட்ரேட்டஜி கேம் 2016ல வந்தப்ப ஒளிய முந்திப் போக வார்ப், வோர்ம்ஹோல், ஹைப்பர்லேன் (நட்சத்திரங்களுக்கு நடுவுல குறிச்ச பாதை)னு மூணு விதப் பயணம் இருந்துச்சு, 2018ல 2.0 அப்டேட்ல எல்லாரும் ஹைப்பர்லேன்லதான் ஆரம்பிக்கணும்னு மாத்தினாங்க, பாதை தெரிஞ்சா காவல் போட இடம் தெரியும். ஆனா எதிரி சென்சர் வட்டத்துக்குள்ள நுழைஞ்ச அதே நேரம் விளையாடுறவங்களுக்குத் தெரிஞ்சிருது, அந்தச் செய்தி எப்பிடி ஒளிய முந்தி வந்துச்சுன்னு கேக்கணும் இல்லையா.

எங்க மலையகத்துல கோடிங் படிக்கிற பிள்ளைங்க ஒரு கேம் செஞ்சா செய்திய கப்பல்லதான் கொண்டு வரணும்னு சட்டம் வைங்கன்னு சொல்லுவேன். காவல் கப்பல் வெளிய நிக்கட்டும், எதிரி எண்ணெய்க்கு எங்கயாச்சும் நின்னா அதப் பாத்துட்டு ஒரு தூதுக் கப்பல் எதிரிய விட வேகமா வீட்டுக்கு ஓடி வரட்டும், அது பிந்தினா ஊர் போச்சு. சென்சர் சில நேரம் பொய்யும் சொல்லட்டும், 2011ல இத்தாலியில நியூட்ரினோங்கிற ரொம்பச் சின்னத் துகள் ஒளிய முந்திருச்சுன்னு உலகமே பேசினது கடைசியில ஒரு ஃபைபர் கேபிள் சரியா இறுகாததாலதான்னு ஆச்சு.

ஐயா, தமிழ் மீடியத்துல பௌதிகவியல் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆர்வமா வாசிக்க கெடைக்கிறதே கொஞ்சம், உங்க மாணவர் பக்கம் அதுல ஒண்ணு. வாற ஞாயிறு அந்த ரேடார் வரியத் திருத்திப் போட்டு, கூடவே புரொக்ஸிமாக் கணக்கையும் கேள்வியாக் குடுங்க, 10 மடங்குக்குப் பதிலா 2 மடங்கு வேகம்னா கப்பல் வந்து எத்தன வருஷம் கழிச்சு அது கிளம்புறது தெரியும்னு. விடைய அடுத்த கிழமை போட்டா போதும்.

இப்படிக்கு,
ஒரு பௌதிகவியல் டியூஷன் ஆசிரியர்,
தலவாக்கலை.