வியட்நாமுக்குப் பத்து நாள் போதுமா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. ஒருவழியாகப் பத்து நாள் விடுப்பு கிடைத்ததில் எனக்கும் அத்தனை சந்தோஷம். ஆனால் ஹனோய், சாப்பா, ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் (ஹோ சி மின் நகரம்) என்று ஆறு இடம் எழுதியிருக்கிறாயே, அதில் இரண்டையாவது வெட்டிவிடு.

எத்தனை இரவு என்று கணக்குப் போட்டுப் பார். பத்து நாள் என்றால் ஒன்பது இரவு. போகிற நாளும் திரும்புகிற நாளும் கழிந்தால் முழுசாக எட்டு நாள்தான் மிச்சம். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்து, வண்டி பிடித்து, அடுத்த அறையில் பெட்டியை இறக்குவதற்குள் அரை நாள் ஓடிவிடும். சாப்பாவுக்கு ஹனோயிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம், திரும்பவும் அதே அளவு. மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது. இரண்டு இரவு ஒதுக்க முடியாதென்றால் அதை விட்டுவிடு. சைகோனும் இந்தத் தடவை வேண்டாம். ஹனோயிலிருந்து அங்கே ரயில்பாதை 1,726 கிலோமீட்டர், முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: ஹனோய் 2 இரவு, ஹா லாங் விரிகுடாவில் படகில் 1, மறுபடி ஹனோய் 1, பிறகு விமானத்தில் ஹுவே போய் 2, கடைசியாக ஹோய் ஆனில் 3. படகுக்காரர்கள் ‘இரண்டு நாள் பயணம்’ என்பார்கள். நண்பகலில் ஏறி மறுநாள் மதியத்துக்குள் இறக்கிவிடுவார்கள், 24 மணி நேரம்கூட முழுதாக இருக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பின்னால் ஒரு ஹனோய் இரவு வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போ. சுமார் 100 கிலோமீட்டர்தான், ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டியே போகும். ஹோய் ஆனில் ரயில் நிலையமும் இல்லை, விமான நிலையமும் இல்லை. டா நாங்கிலிருந்து காரில் 30 கிலோமீட்டர். அங்கே மூன்று இரவு கேட்பது மி சோனுக்காக. அந்தக் காலத்துச் சம்பா நாட்டு மன்னர்கள் சிவனுக்குச் செங்கல்லில் எழுப்பிய கோயில்கள், ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் போய்ச் சேர விடியலிலேயே கிளம்ப வேண்டும். அதை அவசரமாகப் பார்க்காதே.

எந்த மாதம் என்று நீ எழுதவில்லை. அக்டோபர், நவம்பரில் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வரும். அப்போது போவதென்றால் நடுப்பகுதியை விட்டுவிட்டு வடக்கும் சைகோனும் வைத்துக்கொள். வியட்நாமியர்களின் டெட் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் வரும். ரயில் சீட்டு கிடைக்காது, கடைகள் பல நாள் மூடியிருக்கும்.

விமானச் சீட்டை ஹனோயில் இறங்கி டா நாங்கிலிருந்து திரும்பும்படி எடு, ஒரு நாள் மிச்சமாகும். மின்விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். விண்ணப்பத்தில் முடிவுத் தேதியைத் திரும்பும் நாளுக்கு ஒரு வாரம் பிந்தியே போடு, விமானம் தள்ளிப்போனாலும் சிக்கல் வராது. பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

மாதம் முடிவானதும் எழுது. சீட்டு எடுப்பதற்குமுன் இரவுக் கணக்கை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் நண்பன்