கண்டாங்கிச் சேலைப் படங்களைக் கெடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
கண்டாங்கிச் சேலை விற்பனையாளர்,
காரைக்குடி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையதள வடிவமைப்பு நிறுவனம்.

பொருள்: படங்களைத் தவறாகச் சுருக்கி ஏற்றியதால் நிறம் மாறியது, 212 படங்களையும் மறுபடி செய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் கடைக்கு நீங்கள் செய்து கொடுத்த இணையதளத்தைத் திறந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் மூன்று சேலைகள் திரும்பி வந்துவிட்டன. மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "படத்தில் பார்த்த நிறம் இல்லை." கடைசியாகத் திரும்பியது அரக்குச் சிவப்பு உடலில் கறுப்புக் கட்டம் போட்ட சேலை, கடுகு மஞ்சள் கரை. உங்கள் பக்கத்தில் அது பழைய ஓட்டு நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. மங்கல் நிறம் பிடித்து வாங்கிய அம்மாவுக்குப் பளிச்சென்ற அரக்கு போய்ச் சேர்ந்தால் அவர் என்ன செய்வார்? அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

போனில் கேட்டபோது உங்கள் ஊழியர், "நெட்டுல போட்டா அப்படித்தான் மேடம் இருக்கும், உங்க மொபைல் திரையா இருக்கும்" என்றார். நான்கு திரைகளில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

படங்களை நானே எடுத்தேன். காலையில் முற்றத்தில் நேர் வெயில் விழாத நேரம் பார்த்து, சாம்பல் அட்டை வைத்து நிறம் சரிசெய்து, 6000க்கு 4000 பிக்சலில் எடுத்தவை. அச்சு விளம்பரத்துக்கும் வேண்டும் என்பதால் அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) நிறவெளியில், அதாவது நிறங்களை எண்ணாகக் குறிக்கும் ஒரு முறையில், வைத்திருந்தேன். அந்த விவரம் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பதிந்திருக்கிறது. ஒப்படைத்த அன்று மின்னஞ்சலிலும் எழுதினேன். இணையத்துக்கு, திரைகளுக்கான பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு (sRGB) மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும். நீங்கள் மாற்றவில்லை. அளவைக் குறைப்பதற்காகக் கோப்பில் இருந்த குறிப்புகளை மொத்தமாக நீக்கியிருக்கிறீர்கள், அதோடு நிறக் குறிப்பும் போய்விட்டது. ஒரு நிறத்தின் அளவை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள். எஸ்ஆர்ஜிபியில் 255 என்று இருக்கும் சுத்தச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபி கணக்கில் 219. குறிப்பு இருந்தால் திரை அதைப் புரிந்துகொண்டு சரியாகக் காட்டும். குறிப்பு இல்லாவிட்டால் 219 என்ற எண்ணை எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே எடுத்துக்கொள்ளும், சிவப்பு செத்துப்போகும். எங்கள் அரக்கு ஓட்டு நிறமானது இப்படித்தான்.

குறிப்பை நீக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. படம் எடுத்த இடம் எது என்ற குறிப்பை எடுத்துவிடுவது நல்லதுதான், அதில் வீடு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் எதை நீக்குகிறோம் என்று பார்க்காமல் நீக்கியதால், நிற்க வைத்து எடுத்த பதினோரு படங்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கின்றன. கேமராவை எப்படிப் பிடித்தோம் என்ற குறிப்பும் கூடவே போனதுதான் காரணம். ஏற்றிய பிறகு ஒருவராவது பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்தது கட்டம். கண்டாங்கி என்றாலே கட்டம்தான். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தச் சேலையைப் பேர் சொல்லித் தேடி வருகிறவர்கள் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் படத்தைப் பெரிதாக்கினால் கறுப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பு கசிந்து, நனைந்த துணியில் சாயம் ஓடியது போல இருக்கிறது. பார்க்கிறவர் சாயம் போகிற சேலை என்றுதான் நினைப்பார். தறியில் உட்கார்ந்து பாவும் ஊடையும் ஒவ்வொரு இழையாகக் கணக்குப் பார்த்துக் கட்டம் போட்டவரிடம் இந்தப் படத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

காரணம் இதுதான். கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியும், நிற வித்தியாசம் அவ்வளவு தெரியாது என்ற நம்பிக்கையில், சுருக்கும்போது நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். முகம், மலை, வானம் எல்லாவற்றுக்கும் அது போதும். சிவப்பும் கறுப்பும் ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டுக்குப் போதாது. நீங்கள் எல்லாப் படத்தையும் வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். தரம் குறைத்துச் சேமிக்கும் வெப்பியில் இதைத் தவிர்க்கவே வழி இல்லை. ஜேபெக் (JPEG) வடிவத்தில் வழி உண்டு. போதாக்குறைக்கு, பட்டியல் பக்கத்தின் சின்னப் படங்களில் கட்டம் அலை அலையாக நெளிகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்துச் சுருக்காமல், தாண்டித் தாண்டி எடுத்தால் இப்படித்தான் வரும். அந்தச் சின்னப் படங்களையும் சதுரமாக வெட்டியதில் பாதிச் சேலைக்குக் கரையே இல்லை.

பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்தோம் என்றீர்கள். சரி, எனக்கும் அதுதான் வேண்டும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மொபைலில் பார்க்கிறவர்கள். அப்படியானால் முகப்பில் இருக்கும் பெரிய படத்தை ஏன் 6000 பிக்சல் அகலத்தில், 9 எம்பியில், தொடாமல் விட்டீர்கள்? அதே அரக்குச் சேலையை நேற்று நானே செய்து பார்த்தேன். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, அப்புறம் லேசாகக் கூர்மை கூட்டி, நிறத் தகவலைக் குறைக்காமல், 100க்கு 82 தரத்தில் ஜேபெக்காகச் சேமித்தேன். 300 கேபி வந்தது. உங்களுடையது 46 கேபி. முகப்புப் படம் ஒன்றின் எடையில் இப்படி 30 சேலைகளைத் தெளிவாகக் காட்டலாம்.

ஆகவே 212 படங்களையும் மூலக் கோப்பிலிருந்து மறுபடி செய்து தர வேண்டும். இப்போது தளத்தில் இருப்பதை எடுத்துத் திருத்த வேண்டாம்; ஒருமுறை இழந்த விவரம் திரும்பாது, மறுபடி சேமித்தால் இன்னும்தான் கெடும். முகப்புப் படத்தை மொபைலுக்கு ஒரு அளவு, கணினிக்கு ஒரு அளவு என்று வைக்க வேண்டும். படச் சீரமைப்பு என்று தனியாக வாங்கிய தொகையையும், மூன்று சேலைகள் போய் வந்த அஞ்சல் செலவையும் திருப்பித் தர வேண்டும். 15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

உங்கள் படம், நான் செய்த படம் இரண்டையும் இணைத்திருக்கிறேன். மூலப்படங்கள் என் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன, ஆள் அனுப்பினால் பிரதி எடுத்துத் தருகிறேன். திரும்பி வந்த அரக்குச் சேலையையும் விற்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிறவர் அதைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்