பழைய படங்களின் தலையை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறைக்குப் பேரன் வந்திருந்ததால் சென்ற மாதம் எங்கள் வீட்டில் படத்துக்குப் பஞ்சமில்லை. அவனுடைய சண்டைப் படங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; காது வலித்தது, அவ்வளவுதான்.

அவனே கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது, மஜீத் மஜீதியின் ஈரானியப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). தங்கையின் காலணி தொலைந்துபோக, அண்ணனின் ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறார்கள். அவள் காலுக்குப் பெரிதான அந்த ஷூ கழன்று, சாக்கடை நீரோடு போகும்போது பேரன் எழுந்தே நின்றுவிட்டான்.

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தில் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். என் ஓட்டு அவருக்குத்தான்.

மனத்தாங்கல் 'அந்த நாள்' விஷயத்தில். 1954இல் பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த படம். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்பதுதான் கதை. அந்தத் தொடக்கத்தையே ஒரு தொலைக்காட்சி விழுங்கிவிட்டு, விசாரணையிலிருந்து காட்டியது. செத்தது யாரென்றே தெரியாமல் பேரன் விழித்தான். நகைக்கடை விளம்பரத்தில் மட்டும் ஒரு நொடி குறையவில்லை! பழைய படம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியமா? பகலில் நேரமில்லையென்றால் நள்ளிரவில் முழுதாகப் போடுங்கள். விழித்திருந்து பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.