விளையாட்டு பீரியடில் பேச்சுப் பயிற்சி

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம். இந்த வாரம் கபடியில் ஒன்றைச் செய்து பாருங்கள். களத்தில் பக்கத்துக்கு 7 பேர் போக, வெளியே உட்காரும் பிள்ளைகளில் ஒருவரிடம் வர்ணனையை ஒப்படையுங்கள். ஒரு ரெய்டு 30 விநாடிதான். அதற்குள் யார் பாடிப் போனார், யாரைத் தொட்டார், எத்தனை புள்ளி என்று சொல்லிவிட வேண்டும். தயங்கி நிற்க நேரமே இருக்காது.

என் ஏழாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "கணுக்காலைப் பிடிச்சுட்டான் சார், விடல, விடல!" என்று கத்தினான். மேடையில் நிறுத்தியிருந்தால் வியர்த்துப் போயிருப்பான்.

நடுவில் இலக்கணம் திருத்தாதீர்கள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரொம்பக் கூச்சப்படுகிறவர்களுக்கு கோ-கோ ஆட்டத்தில் உரக்கச் சொல்லும் 'கோ'வே நல்ல தொடக்கம்.

செய்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நிமிடக் குரல் பதிவை இங்கே போடுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம்; குட் மார்னிங் படங்களும் வேண்டாம்.