தீபாவளி முறுக்கும் லவோதிக்கேயா தண்ணீரும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். நீ பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். ஃபோனில் என்னைக் கேட்கவில்லையாம். நானும் ஃபோனை வாங்கவில்லை. பேசினால் சத்தம் கூடிவிடும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

தீபாவளியன்று பக்கத்து வீட்டு அத்தை முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து மூடிக்கொண்டு வந்தபோது வாசலில் நீதான் நின்றாய். "சாமிக்குப் படைச்சதா அத்தை?" என்று கேட்டாய். அவர்களுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம், "கொஞ்சம் எடுத்து வச்சிட்டுதான்யா கொண்டாந்தேன்" என்றார்கள். "அப்ப வேண்டாம்" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷமாக அந்தத் தட்டை உன் அம்மா வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை; ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பாள். இந்த வருஷம் மூடின துணிகூட விலகாமல் திரும்பிப் போனது. நம் கிறிஸ்துமஸ் பலகாரத்தை யார் ஜெபித்துத் தந்தது என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிரவு நீ வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தை எடுத்து 28-ஆம் வசனத்தைக் காட்டினாய். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே. சரி, அப்படித்தான் இருக்கிறது. அதற்கு மேலே 27-ஐயும் படி. அவிசுவாசி விருந்துக்கு அழைத்து முன்னே வைப்பதை ஒன்றையும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். அவர்களாகச் சொன்னால் நிறுத்திக்கொள், நீயாகப் போய்த் துருவாதே, இதுதானே வரிசை? நீ துருவினாய்.

வெதுவெதுப்பு என்று என்னைச் சொன்னாயே, அதற்கும் வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில், வெதுவெதுப்பாயிருக்கிறபடியால் வாந்திபண்ணிப்போடுவேன் என்று லவோதிக்கேயா சபைக்கு எழுதிய வசனத்தை உங்கள் பாஸ்டர் நிறைய பிரசங்கம் பண்ணுவார் போல. அதில் "குளிராயாவது அனலாயாவது" இருந்தால் நலம் என்றுதானே இருக்கிறது? குளிர் கெட்டது என்றால் அதை ஏன் விரும்பவேண்டும்? அந்த ஊருக்குப் பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, நோயாளிகள் போய்க் குளிக்கிற இடம். கொலோசெ பக்கம் குளிர்ந்த தண்ணீர், குடிக்க நல்லது. லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியாக வந்த தண்ணீர்தான் இரண்டுக்கும் உதவாது என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. எனக்கு வசதியாக இருப்பதாலும் இருக்கலாம். நம் தேரிக்காட்டில் மே மாதம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரின் அருமை உனக்குத் தெரியும்.

இன்னொன்று. பரிசுத்த ஆவியை உங்கள் சபைதான் கொண்டுவந்தது மாதிரி பேசுகிறாய். உங்கள் பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் தொடக்கமாகச் சொல்கிற அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-ல். அதற்கு 46 வருஷத்துக்கு முன்பே, 1860-ல், நம் திருநெல்வேலி சீமையில் அருளப்பன் என்ற நம்மவரின் ஊழியத்தில் ஜனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். மிஷனரிகளில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அந்த அருளப்பன் யாரிடம் படித்தவர்? ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம். அந்த ரேனியஸ் ஐயரையே, ஆங்கிலிக்கன் சபையின் குருப்பட்ட முறை சரியல்ல என்று எழுதினதற்காக, அனுப்பின மிஷனரி சங்கம் 1835-ல் விலக்கிவிட்டது. கிராமம் கிராமமாக அவர் கட்சி, சங்கத்துக் கட்சி என்று சபைகள் இரண்டாகிக் கிடந்தன. 1838-ல் அவர் பாளையங்கோட்டையில் இறந்த பிற்பாடுதான் ஒட்டியது. இன்றைக்கு அவர் பெயரை இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடுகிறோம். 1857-ல் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபை வைத்து, ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். நீ பாரம்பரிய சபை என்று அலட்சியமாகச் சொல்கிறாயே, அந்தப் பாரம்பரியத்தில் பாதி இந்த மாதிரிச் சண்டைதான் தம்பி.

உன்மேல் மட்டும் குறை சொல்லவில்லை. உனக்கு டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் ஜெபக்குழுப் பையன்கள் முறை போட்டு ராத்திரி காவல் இருந்தார்கள். நம் சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் கோவிலில் தேர்தல் நடந்து, ஆராதனை முடிந்த கையோடு வாசலிலேயே கைகலப்பானது. கமிட்டியில் நான் இருந்தேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் வந்தாய். அதை வெதுவெதுப்பு என்று நீ சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். நீ சொன்னது முறுக்குக்கு.

போன மே மாதம் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததை மூன்றாவது ஆள் சொல்லித்தான் அறிந்தேன். பரிசுத்த இராப்போஜனத்தில் ஒரே ஞானஸ்நானம் என்று நான் அறிக்கையிடும்போது இப்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடுகிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஆச்சிதான் உன்னை வெள்ளை உடுப்பில் ஞானஸ்நானத்துக்கு நம் சபைக் குருவான ஐயர் கையில் கொடுத்தாள். அது வெறும் தண்ணீர் என்று நீ சாட்சி சொன்னாயாம். அதைப் பற்றி வாதாட எனக்குத் தெம்பில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். "விசுவாசம் இருந்தா பிரஷர் மாத்திரை எதுக்கும்மா" என்று அம்மாவிடம் இனிமேல் கேட்காதே. அவள் இரண்டு நாள் போடாமல் இருந்து, தலைசுற்றி அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்கிறேன். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியர்தான். உனக்காக நீ எந்த விசுவாசத்தையும் எடு, அவள் மாத்திரையில் கை வைக்காதே.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. கோவிலுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன். 25-ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து அம்மா பலகாரத் தட்டு எடுத்து வைப்பாள். அத்தை வீட்டுக்கு அதை நீ கொண்டுபோ. நான் கூட வரமாட்டேன். அங்கே என்ன பேசவேண்டும் என்பதை உன் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.

வரும்போது எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு வாங்கி வா, பழையது உடைந்துவிட்டது.

அப்பா