விடுதி அறையும் வகுப்பறைதானா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு கல்வி இணைப்பில் பொறியியல் கல்லூரி விடுதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒரே துறை மாணவர்களை ஒரே அறையில் தங்கவைத்தால் படிப்புச் சூழல் தானாக உருவாகிவிடும் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் கல்வி ஆலோசகராம். தங்கள் மூத்த செய்தியாளர்களில் பலர் விடுதிச் சோறு உண்டு வளர்ந்தவர்கள் என்பதை அறிவேன். அவர்கள் கண்ணில் படாமல் அந்த வரி எப்படித் தப்பியதோ!

என் மகள் கணினிப் பொறியியல் படிக்கிறாள். விடுதியில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படியே அறை ஒதுக்கினார்கள். பகலில் ஆய்வகத்தில் அவளோடு ஒரே குழுவில் நிற்கும் அதே மூவர்தான் இரவில் பக்கத்துக் கட்டில்களில். பெயரின் முதலெழுத்தே நான்கு ஆண்டுகளுக்குத் தலையெழுத்தாகிவிட்டது.

சென்ற பருவத்தில் அவர்களில் இருவருடைய நிரல்கள் ஒன்றுபோல் இருப்பதாகச் சொல்லி, ஆய்வகப் பேராசிரியர் இருவருக்கும் அக மதிப்பெண்ணைக் குறைத்தார். யாரைப் பார்த்து யார் எழுதியது என்ற சண்டை ஆய்வகத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அது மெஸ்ஸுக்கு வந்து தட்டோடு உட்கார்ந்தது. அறைக்கு வந்து விளக்கணைத்த பிறகும் ஓயவில்லை. என் மகளுக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் அன்றிலிருந்து மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டுதான் என்னோடு பேசுகிறாள். அறையில் எதைப் பேசினாலும் மறுநாள் முதல் வகுப்புக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறதாம். இதுதான் கட்டுரையாளர் சொல்லும் படிப்புச் சூழல் போலும்.

ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள் என்கிறார். பல கல்லூரிகளில் இப்போது ஒப்பீட்டுத் தர முறை இருப்பது தாங்கள் அறியாததல்ல. வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கினார்கள் என்பதைப் பொறுத்தே ஒருத்தியின் தரம் அமையும். பக்கத்துக் கட்டில்காரிக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் தனக்கே இடி விழலாம் என்ற கணக்கைக் கல்லூரியே பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நட்பையும் எதிர்பார்க்கிறது. வளாக வேலைவாய்ப்புப் பருவத்தில் கேட்கவே வேண்டாம். வருவது அதே நிறுவனம், எழுதுவது அதே தேர்வு. நேர்காணலுக்குத் தேர்வானவர்களின் பட்டியல் நள்ளிரவில் நான்கு பேரின் செல்பேசிக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. மூன்று பெயர்கள் அதில் இருந்து ஒன்று இல்லாவிட்டால், அந்த ஒருத்தி எங்கே போய் அழுவாள்?

அறையை மாற்றித் தர முடியுமா என்று காப்பாளரிடம் கேட்டேன். “யு.ஜி.சி. விதி அம்மா, ராகிங் பிரச்சினை வரும்” என்றார். சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-இல் கொல்லப்பட்டதையும், மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் தங்கள் இதழுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறை, முதலாண்டு மாணவர்களை மூத்தவர்களிடமிருந்து பிரித்துத் தனித் தொகுதியில் தங்கவைக்கச் சொல்கிறது. நல்ல விதி, அதில் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனால் ஒரே ஆண்டு மாணவர்களையும் துறைவாரியாக அடுக்கச் சொல்லும் வரி எதையும் அதில் நான் காணவில்லை. போகட்டும், என் மகள் இப்போது மூன்றாம் ஆண்டு!

நான் சிவில் படித்தது எண்பதுகளின் இறுதியில். பொறியியலுக்கு வந்த பெண்களே அப்போது சொற்பம் என்பதால் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே விடுதி. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, இடமில்லாததால் கிடைத்த புண்ணியம். என் அறைத்தோழி கட்டடக்கலை மாணவி. இரவெல்லாம் தெர்மகோலை வெட்டி மாதிரி வீடு செய்துகொண்டிருப்பாள். உத்தரத்தின் கனத்தை நான் கணக்கிட்டுச் சொன்னால், “அதெல்லாம் சரி, இந்தப் படியில் பாட்டி எப்படி ஏறுவாள்?” என்று கேட்பாள். எங்கள் பாடத்திட்டத்தில் எங்குமே இல்லாத கேள்வி அது. இன்றும் வரைபடத்தில் கையெழுத்திடுவதற்கு முன் படிக்கட்டின் உயரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்னொருத்தி வேதிப் பொறியியல். எனக்குத் தேர்வு சரியில்லை என்றால் அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் எதுவும் இருக்காது. அந்த நிம்மதிக்கு எந்த ஆலோசகர் மதிப்பெண் போடுவார்?

துறைக்குத் துறை தேர்வு நாள் மாறும், தூக்கம் கெடும் என்று பதில் வரும். ஒரே நாளில் தேர்வு என்றால் ஒருத்தி நாலு மணிக்கு விளக்கைப் போட்டதும் பின்தங்கிவிடுவோமோ என்று மற்ற மூவரும் எழுந்துவிடுகிறார்கள். அதை என்னவென்று சொல்வது? சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குப் போனதிலிருந்து சேலையூர், செயிண்ட் தாமஸ், பிஷப் ஹீபர் விடுதிகளில் எல்லாத் துறையினரும் கலந்துதான் தங்குகிறார்கள். அங்கே படித்தவர்கள் படிப்பைச் சொல்வதற்கு முன் விடுதியின் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் யாரும் தூக்கமில்லாமல் தேர்வில் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விடுதி என்றாலே எனக்குக் கோபம் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எங்கள் காலத்தில் பெண்கள் விடுதிக் கதவை ஆறரைக்குப் பூட்டுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கதவு இருந்ததா என்பதே சந்தேகம். மகளின் விடுதியிலும் அந்தப் பேதம் அப்படியே இருக்கிறது, நேரம்தான் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது. விடுமுறையில் வீட்டுக்கு வந்த நாள்களுக்கும் மெஸ் கட்டணம். நான் கட்டிய காப்புத்தொகை இன்றுவரை திரும்பி வரவில்லை. இதையெல்லாம் சென்ற ஆண்டே தங்களுக்கு எழுதினேன். வெளியிட்டீர்கள், நன்றி. தங்கள் கல்வி இணைப்பைப் பாராட்டி எழுதியிருந்த இரண்டு வரிகள் மட்டும் அச்சில் வந்திருந்தன.

இப்போது கேட்பது மிகச் சிறிய உதவி. ஜூனில் அறை ஒதுக்கீடு தொடங்கும். விடுதி விண்ணப்பத்தில் இரத்த வகை முதல் தாய்மாமன் முகவரி வரை கேட்கிறார்கள். ‘வேறு துறை மாணவியோடு தங்க விருப்பமா?’ என்று அதில் ஒரு வரி சேர்க்கலாம் என்பதை, ஒதுக்கீட்டுக்கு முன் தங்கள் இதழில் எங்காவது ஒரு மூலையில் வெளியிட்டால் போதும். இடம் போதாமல் கடிதத்தை வெட்ட நேர்ந்தால் மெஸ் கட்டணத்தை வெட்டுங்கள். அந்த ஒரு வரியை வெட்டாதீர்கள்.

மகள் இன்னும் அங்கேயே படிப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பொறியாளர்,
திருச்சி