சேகருக்கு, பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. திங்கள் முதல் வெள்ளி வரை அத்தானைக் கதிர் சிகிச்சைக்குக் கூட்டிப் போய்வருவதிலேயே பொழுது போய்விடுகிறது. மொத்தம் முப்பது நாள், பதினொன்று முடிந்திருக்கிறது. இன்று ஞாயிறு, அதனால் எழுதுகிறேன்.

"மூளைக் கட்டியை எடுத்தாகிவிட்டது, படமும் சுத்தம் என்கிறாய். அப்புறம் எதற்கடா இவ்வளவு வைத்தியம்?" என்று கேட்டிருந்தாய். அக்கா தினமும் கேட்பதும் இதைத்தான்.

எஸ்டேட்டில் நம் லயத்துக்குப் பின்னால் இருந்த லாலான் புல் காடு ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா வெட்டித் தள்ளுவார். கொஞ்ச நாளில் ஊசி ஊசியாகத் திரும்பவும் முளைத்து நிற்கும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டு கத்திக்கு எட்டாது. அத்தானுக்கு வந்திருக்கும் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றும் அந்த ஜாதிதான். மற்றப் புற்றுநோய்போல ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போவது அபூர்வம், மூளைக்குள்ளேயே ஊர்ந்து பரவும். நரம்பிழைக் கற்றைகளும் ரத்தக்குழாய்களின் வெளிப்பக்கமும் அதற்கு ஒற்றையடிப் பாதைகள். குறுக்கே இருப்பதை நொதி விட்டுக் கரைத்துக்கொண்டு செல்கள் நழுவிப் போய்விடும். ஷெரர் என்ற நோயியலாளர் 1938-லேயே இந்தத் தடங்களை விவரித்துவிட்டார். அதற்கும் முன்னால், 1928-ல், அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் இப்படிப்பட்ட கட்டிகளுக்காக மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்திருக்கிறார். அப்படியும் கட்டி திரும்பி வந்தது. படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

சரி, படம் ஏன் சுத்தமாக இருக்கிறது? கட்டி சில மில்லிமீட்டரைத் தாண்டினால் அதற்குப் புது ரத்தக்குழாய் வேண்டும் என்று 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற மருத்துவர் சொன்னார். ஆக்சிஜன் போதாத செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தை வெளியே விடும். பக்கத்துக் குழாய்கள் அந்தத் திசையில் கிளை விடும். ஆனால் எல்லாம் அவசரத்தில் போட்ட குழாய்கள், ஒழுகும். அந்த நீர்தான் மூளையை வீங்க வைத்தது. அத்தான் கரண்டியைக் காட்டிக் "குடை" என்று சொன்னதும் அதனால்தான். எம்ஆர்ஐக்கு முன் ஏற்றும் மருந்தும் அந்த ஓட்டை வழியாகக் கசிந்துதான் கட்டியை வெள்ளை வளையமாகக் காட்டுகிறது. விலகிப்போன செல்களோ மூளையின் பழைய, நல்ல குழாய்களை ஒட்டியே பிழைத்துக்கொள்ளும். கசிவு இல்லை, வெள்ளையும் இல்லை. 'சுத்தம்' என்றால் ஒழுகும் குழாய் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கதிரும் டெமோசோலோமைட் என்ற புற்றுநோய் மாத்திரையும் அந்த மிச்சத்துக்கு.

குழாயை அடைத்துக் கட்டியைப் பட்டினி போடும் மருந்து இருக்கிறதாமே என்றும் எழுதியிருந்தாய். பெவாசிசுமாப்தான் அது. திரும்பி வந்த கட்டிக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். வீக்கத்தை நன்றாகவே வடிக்கும். ஆனால் புதிதாக நோய் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-ல் வெளிவந்தன: கட்டி வளர்வது சில மாதம் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. அதனால் நான் டாக்டரை நச்சரிக்கவில்லை.

இப்போது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டில் வீக்கம் வடிந்து அத்தானுக்குப் பேச்சு தெளிவாகிவிட்டது. கூடவே பேய்ப் பசி. ராத்திரி பதினோரு மணிக்கு நாசி கண்டார் சோறு கேட்கிறார். நீ வரும்போது லட்டு, பால்கோவா எதுவும் வாங்கி வராதே, ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறிக்கிடக்கிறது. முறுக்கு கொண்டு வா. பட்டர்வொர்த்தில் இறங்கியதும் கூப்பிடு, ஃபெர்ரி அடியில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
மணியம்